வாரைக் குறை சொன்ன நாட்கள்

படுத்துச் சுடும்போது துப்பாக்கியைக் கையால் பிடிக்கக் கூடாது. கேட்க வேடிக்கையாக இருக்கும். இடது முழங்கை தரையில் ஊன்றியிருக்க, மேற்கையில் மாட்டிய தோல்வார் துப்பாக்கியை இழுத்துத் தோளோடு பொருத்தி வைத்திருக்கும். எடை முழுவதும் வாரிலும் எலும்பிலும் இறங்கிவிட வேண்டும். உள்ளங்கை வெறும் தட்டு, அதன்மேல் துப்பாக்கி கிடக்கும். விரல்கள் இறுகினால் தசை வேலை செய்கிறது. தசை வேலை செய்தால் நடுங்கும். சரியாகப் படுத்திருக்கிறோமா என்று பார்க்க, கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறப்போம். குழல் முனையில் இருக்கும் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் அதே இடத்தில் நின்றால் சரி. விலகியிருந்தால் துப்பாக்கியைத் தள்ளித் திருத்தக் கூடாது. வயிற்றை அச்சாக வைத்து, முழு உடம்பையும் திருப்ப வேண்டும். பிறகு மூச்சை விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முன் இருக்கும் சிறு இடைவெளியில் விசையை அழுத்த வேண்டும்.

கல்லூரித் துப்பாக்கிக் கிளப்பில் தொடங்கிப் பதினோரு வருடங்களாக இதைச் செய்து வந்தேன். எனக்கு எதிலும் சந்தேகம் வரும். அடுப்பை அணைத்தேனா, கேட்டைப் பூட்டினேனா, யாரிடமாவது முகம் சுளிக்கப் பேசிவிட்டேனா என்று மூன்று முறை திரும்பிப் பார்க்கிறவள் நான். கைகளைப் பற்றி மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

மகள் பிறந்த மூன்றாம் மாதம் அந்தக் கைகள் நடுங்கத் தொடங்கின.

முதலில் நகம் வெட்டும்போது தெரிந்தது. அவளுடைய சுண்டுவிரல் நகம் ஒரு வெந்தயம் அளவு இருக்கும். நகவெட்டியைக் கிட்டே கொண்டுபோனதும் அதன் முனை ஆடியது. பயமாக இருக்கும், முதல் பிள்ளை அல்லவா என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, என் மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த காலையில், நானே அவளைக் குளிக்க வைத்தேன். சோப்பு போட்ட உடம்பைத் தண்ணீர் பேசினிலிருந்து தூக்கியபோது அவள் என் கையிலிருந்து வழுக்கினாள். முழங்காலை முட்டுக்கொடுத்துப் பிடித்துவிட்டேன். பேசினின் விளிம்பு அவள் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் அழக்கூட இல்லை. ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளைக் குளிப்பாட்டுவதும் இல்லை.

என் மாமியார் ஈப்போவிலிருந்து கிள்ளானுக்கு எங்களுக்காக வந்தவர். குளியலறையில் மணையைப் போட்டு உட்கார்ந்து, கால்களை நீட்டி, பிள்ளையைக் கணுக்கால்களுக்கு நடுவே படுக்க வைத்து ஊற்றுவார். நான் வெந்நீர் கலந்து தரும் வேலையோடு நின்றுகொள்வேன்.

"இந்தா, வந்து உக்காரு. நீ ஒரு நாள் ஊத்து."

"நீங்களே ஊத்துங்க அத்தை. உங்க கைன்னாத்தான் அவ அழ மாட்டா."

"இதையே சொல்லி ஏமாத்து. துப்பாக்கி பிடிச்ச கை லா இது? அஞ்சு கிலோ பிள்ளையப் பார்த்துப் பயப்படுது. நான் ஈப்போ போனா யாரு ஊத்துவா, உன் புருஷனா? அவன் தலைக்கே அவன் ஒழுங்கா ஊத்த மாட்டான்."

அவர் போகும் நாள் குறித்தாகிவிட்டது. ஈப்போவில் இருக்கும் அவருடைய மகளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் முதல் வாரத்தில் பஸ். என் கணவருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார். அத்தை போனபிறகு அந்த வீட்டில் பகல் முழுவதும் அவளும் நானும் என் இரண்டு கைகளும்தான் இருப்போம். நாட்காட்டியில் அந்தத் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் எண்ணினேன். என்னிடம் இருப்பதைவிட வேறு யாரிடமாவது இருந்தால் பிள்ளை பத்திரமாக இருப்பாள் என்ற எண்ணம் வரும். அதை விரட்டுவேன். தொட்டிலில் துணி மாற்றும் நேரத்தில் மறுபடியும் வந்து நிற்கும்.

கணவரிடம் கை நடுங்குகிறது என்று மட்டும் சொன்னேன். "தூக்கம் இல்ல லா. நல்லா தூங்கினா சரியாயிடும். நீ ரொம்ப யோசிக்கிற," என்றார். கிளினிக்கில் தாதி ஒரு தாளைக் கொடுத்து, மனநிலை எப்படி இருக்கிறது என்று கட்டங்களில் குறிக்கச் சொன்னார். நான் நன்றாகப் படித்தவள், தேர்வு எழுதத் தெரிந்தவள். நல்ல தாய் எதைக் குறிப்பாளோ அதைக் குறித்துக் கொடுத்தேன். தாதி பார்த்துவிட்டு, "பாகுஸ்," என்று சிரித்தார். மலாயில் நன்று என்று அர்த்தம். எனக்கு அழுகை வந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. விடுப்பை நீட்டிக்கக் கடிதம் கொடுக்க ஒரு நாள் கொமுட்டர் ரயிலில் போனேன். குளிர்சாதனப் பெட்டியில் எல்லாரும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் முதுகில் வியர்வை ஓடியது. நூலகத்தில் கூட வேலை செய்யும் அக்கா என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பிள்ளை பெத்த உடம்பா இது? என்னா டயட்டு, எங்களுக்கும் சொல்லு லா. நான் பெத்து ஒன்பது வருஷம் ஆச்சு, இன்னும் இறங்கல."

நான் ஒன்றும் சாப்பிடாமல் இல்லை. அத்தை போடும் சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பால் கொடுக்கிறவள், பசிக்கும் என்றார்கள். வியர்த்தால் ஊர் வெயில் என்றார்கள். தூக்கம் வராததைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவே தேவைப்படவில்லை. என் உடம்பில் நடந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. அந்தப் பதில்களை நான் எல்லாரையும்விடச் சீக்கிரம் சொன்னேன்.

அந்த வாரத்தில்தான் என் தோழி போன் செய்தாள். கல்லூரி நாளிலிருந்து என் பக்கத்துப் பாயில் படுத்துச் சுடுகிறவள். மாநில அணிக்கான தேர்வுச் சுடுதல் வருகிறது, என் பெயரையும் எழுதிவிட்டேன் என்றாள்.

"யாரைக் கேட்டுடி எழுதின?"

"உன்ன கேட்டா நீ ஆறு மாசம் யோசிப்ப. ஞாயித்துக்கிழமை வா லா. ரெண்டு மணி நேரம் படுத்துட்டுப் போ. வீட்டுலயே உக்காந்தா பைத்தியம் பிடிச்சிடும்."

நான் போனதற்கு அவளிடம் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. பாயில் படுத்து, வாரை மாட்டி, வளையத்துக்குள் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அங்கே என் கை நின்றால், கையில் கோளாறு இல்லை, மனதில்தான் பயம். மனதை அதட்டிக்கொள்ளலாம். அங்கேயும் நிற்காவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் நான் விட்டது அது ஒன்றுதான்.

எங்கள் கிளப்பின் சுடுமிடம் ஜெஞ்சாரோம் போகும் வழியில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. துப்பாக்கிகள் கிளப்பின் இரும்பறையில் இருக்கும். கையெழுத்துப் போட்டு எடுத்து, கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். சுடுவதற்கென்றே தைத்த கெட்டித் துணி ஜாக்கெட்டை மாட்டியபோது அது என்மேல் சாக்குப் போலத் தொங்கியது. கிளம்புவதற்கு முன் பால் கொடுத்திருந்தும் குப்புறப் படுத்ததும் மார்பு வலித்தது. பொறுத்துக்கொண்டு கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தேன்.

வளையம் துள்ளியது.

ஐம்பது மீட்டருக்கு அப்பால் கறுப்பு வட்டம் அசையாமல்தான் இருந்தது. என் வளையம் அதன்மேல் எம்பி எம்பி விழுந்தது. கை நடுக்கம் என்றால் தாறுமாறாக அலையும். இது ஒரே தாளத்தில் துள்ளியது. எனக்கு உடனே மனம் லேசானது. ஏனென்றால் இது என்ன என்று எனக்குத் தெரியும். படுத்துச் சுடுகிற எவருக்கும் தெரியும். வார் மேற்கையில் தப்பான இடத்தில் இறுகினால் அங்கே ஓடும் நாடியை அழுத்தும். நாடியின் துடிப்பு வார் வழியாகத் துப்பாக்கிக்கு ஏறும். இதயம் அடிப்பதை வளையத்துக்குள் பார்க்கலாம். மருந்து எளிது. வாரை இரண்டு விரல் மேலே ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு துளை தளர்த்த வேண்டும், உள்ளே இன்னொரு சட்டை போட வேண்டும்.

அன்று அதைத்தான் செய்தேன். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அதையே செய்தேன். நாங்கள் ஆளுக்கொரு குறிப்பேடு வைத்திருப்போம். என்னுடையதில் மூன்று வாரப் பக்கங்கள் இப்படிப் போகின்றன: வார் ஏழாம் துளை, துடிப்பு இருக்கிறது. ஆறாம் துளை, இருக்கிறது. தோளுக்கருகே ஏற்றியது, இருக்கிறது. ஜாக்கெட் தளர்ச்சி, பட்டன் மாற்ற வேண்டும். எழுத்தே கோணலாக இருக்கிறது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

பட்டன்களை நானே தள்ளித் தைக்க உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அத்தையைக் கூப்பிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி ஒரே முயற்சியில் கோத்தார்.

"காலம் தலைகீழாப் போச்சு. கிழவி கோத்துத் தரா, குமரி தைக்கிறா," என்று சிரித்துவிட்டு, என் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னாம்மா, எதாச்சும் மனசுல இருக்கா?"

இல்லை அத்தை என்றேன். அவர் போக இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

நான்காவது ஞாயிறு, பத்துத் தோட்டாவில் ஒன்பது, நடுவுக்குப் பத்து என்ற கணக்கில், ஏழு, ஆறு என்று சிதறின. ஒன்று கறுப்புக்கே வெளியே போனது. வாரைக் கழற்றி மறுபடியும் மாட்டினேன். மறுபடியும் கழற்றினேன். கண்ணீர் வந்து கண்ணாடி மங்கியது. பக்கத்துப் பாயிலிருந்து தோழி எட்டிப் பார்த்தாள்.

"ஏய், என்னடி பண்ற? சண்டை போடுறியா அதோட?"

"வார் சரியில்ல. தோல் நீண்டு போச்சு போல. புதுசு வாங்கணும்."

"நாலு வாரமா இதையே சொல்ற. நகரு, நான் பார்க்கிறேன்."

துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துத் தாழை இழுத்து வைத்துவிட்டு எழுந்தேன். அவள் என் பாயில் படுத்தாள். என் வாரை, நான் மாட்டிய அதே துளையில், தன் கையில் மாட்டிக்கொண்டாள். அவள் கை என்னுடையதைவிடப் பருமன். வார் அவளுக்கு இன்னும் இறுகியிருக்கும். கண்ணை மூடினாள், மூச்சு விட்டாள், திறந்தாள்.

"துள்ளுதா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டேன்.

"லேசா. இறுக்கமா இருக்குல்ல, அதனால. ஆனா மெதுவா லா, ஒண்ணு… ஒண்ணு… உனக்கு எப்படித் துள்ளுது? தட்டிக் காட்டு."

நான் பாயின் ஓரத்தில் விரலால் தட்டினேன். அவள் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"அலாமாக். அவ்வளவு வேகமாவா? பொய் சொல்லாத."

என்னை மறுபடியும் படுக்கச் சொன்னாள். சுட வேண்டாம், பார்த்துக்கொண்டு எண்ணு என்றாள். அவள் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் வளையத்தின் துள்ளலை எண்ணினேன். ஒரு நிமிடத்தில் நூற்று முப்பத்திரண்டு. நான் ஓடவில்லை, படி ஏறவில்லை. கால் மணி நேரமாகப் படுத்தே கிடக்கிறேன். தோழி மண்டியிட்டு என் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். அவள் முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"உன் வாருக்கு ஒண்ணும் இல்லடி. உன் துப்பாக்கிக்கும் ஒண்ணும் இல்ல. நாளைக்கே போய் டாக்டரைப் பாரு. இல்லன்னா நான் உன் மாமியாருக்குப் போன் போடுவேன், சத்தியமா."

நாலு வாரம். அந்த வளையம் ஒவ்வொரு ஞாயிறும் என் கண்ணிலிருந்து இரண்டு முழத்தில் நின்று உண்மையைச் சொல்லியிருக்கிறது. நான் துளையை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அத்தையும் கூட வந்தார். டாக்டர் என் வயதுடைய பெண், தமிழர். என்னிடம் பிள்ளையைக் கொடுக்காமல் அத்தையே வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் என்னை இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். விரல்களின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். காற்றாடிக்குக் கீழே வைத்ததுபோல அது படபடத்தது. காற்றாடி ஓடவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு மாசத்துக்குக் கிட்ட."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

அத்தை குறுக்கிட்டார். "எங்க சொன்னா? கேட்டா இல்லம்பா. என் கைன்னாத்தான் பிள்ளை அழாதுன்னு கதை விடுவா. நானும் நம்பினேன் பாருங்க, பெரிய மனுஷி."

அப்போதுதான் நான் சொன்னேன். பேசின், சோப்பு, ஒரு சாண் தூரம். அத்தையின் முகத்தைப் பார்க்காமல், மேசைமேல் இருந்த அந்தத் தாளைப் பார்த்துச் சொன்னேன். ஐயோ, பாவி என்று அவர் கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பிள்ளையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். டாக்டர் பேசி முடிக்கும்வரை விடவில்லை.

இரத்தம் எடுத்தார்கள். சில நாட்கள் கழித்து முடிவு வந்தது. தைராய்டு. கழுத்திலுள்ள சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்கிறது, பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இப்படி ஆகும், பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கும், பிறகு எதிர்ப்பக்கம் சாயவும் கூடும், அதனால் தொடர்ந்து இரத்தம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இதயத்தின் வேகத்தையும் நடுக்கத்தையும் குறைக்க ஒரு மாத்திரை எழுதினார். அத்தை, "பால் குடிக்கிற பிள்ளைக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டார். "ஒத்துக்கும் ஆன்டி, பார்த்துத்தான் கொடுக்கிறேன்," என்றார்.

நான் மாத்திரையின் பெயரைப் படித்தேன். எனக்கு அதைத் தெரியும்.

"டாக்டர், இது பீட்டா பிளாக்கரா?"

"ஆமா. நீங்க மருத்துவத் துறையா?"

"இல்ல. நான் துப்பாக்கி சுடுறவ. இது எங்களுக்குத் தடை."

எங்கள் விளையாட்டில் ஓடுகிறவர்கள் போடும் ஊக்க மருந்தை யாரும் தேட மாட்டார்கள். கையை அமைதியாக்கி, நெஞ்சை மெதுவாக்கும் மாத்திரைதான் எங்களுக்குக் கள்ளத்தனம். கிளப்பில் தடை மருந்துப் பட்டியலை வகுப்பெடுத்துச் சொல்லித்தரும் வேலை என்னுடையது. டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்களுக்கு இப்ப போட்டியா முக்கியம்?" என்றுகூடக் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மாத்திரையை வாங்கி வந்தேன். போடவில்லை. இரண்டு நாட்கள் போடவில்லை. தேர்வுச் சுடுதலுக்குப் பத்து நாட்கள் இருந்தன, அத்தையின் பஸ்ஸுக்கு மூன்று. எந்தத் தாயும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருப்பாள். நான் மாத்திரைப் பட்டையைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு, இந்த நிலையில் சுட்டு நான் எந்த அணிக்கும் போகப் போவதில்லை என்று நன்றாகத் தெரிந்தும், தேர்வுப் பட்டியலிலிருந்து பெயரை எடு என்று தோழிக்கு ஒரு வரி அனுப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருடத்தில் என்னைப் பற்றி நான் நம்பிய ஒரே விஷயம் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. அதை அடித்துவிட்டால் மிச்சம் இருப்பது சந்தேகப்படுகிறவள் மட்டும்தான் என்று தோன்றியது.

அத்தை கிளம்புவதற்கு முந்தின நாள், துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார்.

"மாத்திரை போட்டியா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"இன்னும் இல்ல அத்தை."

அவர் திட்டவில்லை. சேலையை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "நான் வேணும்னா பஸ்ஸை மாத்திக்கிறேன். அங்க அவளுக்கு வலி எடுத்தா எடுக்கட்டும், அவ மாமியார் இருக்கா," என்றார். பிரசவத்துக்கு நிற்கும் தன் மகளை எனக்காக அவர் தள்ளி வைக்கத் தயாராக இருந்தார். நானோ ஒரு பெயரைத் தள்ளி வைக்க முடியாமல் இருந்தேன். எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்து அவர் முன்னாலேயே முதல் மாத்திரையைப் போட்டேன். பிறகு தோழிக்கு அனுப்பினேன். "என் பேரை எடுத்துடு. மாத்திரை ஆரம்பிச்சிட்டேன்."

உடனே பதில் வந்தது. "நீ தட்டிக் காட்டின அன்னைக்கே எடுத்துட்டேன் லா. நீயா சொல்லுவன்னு காத்திருந்தேன்."

அத்தை போன மறுநாள் காலை, மூன்று வேளை மாத்திரை உள்ளே போயிருந்தது. நெஞ்சு இறங்கியிருந்தது. கை முழுவதும் நிற்கவில்லை, ஆனால் வேறு யாருடையதோ போல இருந்த நடுக்கம் பாதிக்கு மேல் போயிருந்தது. பேசினைப் பரணில் வைத்துவிட்டேன். குளியலறையில் அத்தையின் மணையைப் போட்டு உட்கார்ந்து, கால்களை நீட்டி, அவளைக் கணுக்கால்களுக்கு நடுவே கிடத்தினேன். விரல்கள் தாமாக அவளை இறுக்கப் போயின, அவற்றைத் தளர விட்டேன். அவள் எடையை என் கால் எலும்புகள் வாங்கிக்கொண்டன. மூச்சை விட்டு முதல் செம்புத் தண்ணீரை வயிற்றில் ஊற்றினேன். அவள் வீறிட்டு அழுதாள். அத்தையின் கைதான் வேண்டும் என்று நான் விட்ட கதை உண்மையாகிவிட்டது.

இந்த அமைதி என்னுடையதா, மாத்திரையுடையதா என்ற கேள்வி வந்தது. எங்கள் விளையாட்டில் அதற்கு ஒரே பதில்தான், அதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்று அதைத் தொடர்ந்து யோசிக்க நேரம் இல்லை. அவள் கழுத்து மடிப்பில் சோப்பு இருந்தது, செம்பில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.